கீபோர்டு மௌனம் சாதிக்கிறதா? கடைக்குத் தூக்குமுன் பத்து நிமிஷம்!

சகோதரிகளே, குக்கர் வெயிட், மிக்ஸி பிளேடு, தையல் மெஷின் பாபின் என்றே இந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தவளைத் திருமுல்லைவாயலிலிருந்து வந்த ஒரு கடிதம் கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் இழுத்துவிட்டது. கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"அக்கா, என் நாத்தனார் பெண் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு பில்லும் டெலிவரி சலானும் அடித்துக் கொடுக்கிறேன். மாதம் மூவாயிரம் ரூபாய் கிடைக்கிறது. லேப்டாப்பின் கீபோர்டில் காபி கொட்டி, பாதி எழுத்து விழவில்லை. 450 ரூபாய்க்கு வெளியே செருகுகிற யுஎஸ்பி கீபோர்டு வாங்கினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு எழுத்துகூட விழவில்லை. கடைக்காரர், 'மதர்போர்டு போயிடுச்சும்மா, 4,500 ஆகும், பேசாம புதுசு வாங்கிடுங்க'ன்னு சொல்றார். வீட்டுக்காரர், 'அந்த வேலையையே விட்டுத் தள்ளு'ங்கறார். என்ன செய்வது?"

விட்டுத் தள்ளு! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் அந்த மனிதர்! மாதம் மூவாயிரம் என்பது பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாரிடமும் கை நீட்டாமல் பெண்ணுக்கு ஒரு பாவாடை எடுக்கவும், சீட்டுப் பணம் கட்டவும் உதவுகிற பணம் அது. ஒரு கீபோர்டு பேசவில்லை என்பதற்காக அதை விட வேண்டுமா? அதனால் இந்த இதழில் முழுக்க முழுக்க கீபோர்டு சமாசாரம்தான். கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுக்காரிகள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தை உள்ளவர்களுக்கு வேண்டிய விஷயமும் நடுவில் வருகிறது.

முதலில், லினக்ஸ் நம் வீடுகளுக்கு வந்த கதை. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. தொடக்க விழா நடந்ததே நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கும், கூடவே பாஸ் என்ற லினக்ஸும் இருக்கும். பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. லினக்ஸ் என்பது ஃபின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற காலேஜ் மாணவர் 1991-ல் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் கைபோட்டு வளர்த்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய மெஷினிலும் மூச்சு வாங்காமல் ஓடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் அந்தக் கம்பெனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டதால், "தூக்கிப் போடுவானேன்?" என்று பலர் பழைய மெஷின்களில் லினக்ஸ் போட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சின்னக் கோளாறு வந்தாலும் "அது லினக்ஸ்மா, எனக்குத் தெரியாது" என்று கையை விரிக்கிற ரிப்பேர்க்காரர்கள்தான் ஊரில் அதிகம்.

நான் எந்தச் சாமானுக்கும் கடைப்பிடிக்கிற வழி ஒன்றுதான்: எங்கே நின்றது என்று கண்டுபிடி, பிறகு கையை வை. ஆவடியில் ஏறிய உங்கள் தம்பி சென்ட்ரலுக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? அம்பத்தூர் தாண்டியதா, வில்லிவாக்கம் தாண்டியதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக விசாரிக்க மாட்டீர்களா? நீங்கள் தட்டிய எழுத்தும் அப்படித்தான் பிரயாணம் செய்கிறது. கீபோர்டில் ஏறி, வயர் வழியாகச் செருகும் ஓட்டைக்கு வந்து, அங்கிருந்து லினக்ஸின் அடித்தளத்துக்குப் போய், கடைசியில் உங்கள் கண் முன்னால் திரையில் இறங்குகிறது. எந்த ஸ்டேஷனில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' என்றொரு பட்டன் இருக்கிறதல்லவா? அதைத் தட்டினால் ஒரு சின்ன விளக்கு எரியும். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை! நீங்கள் தட்டிய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அது "சரி, ஏற்று" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் எரிகிறது. ஆகவே விளக்கு எரிந்து அணைந்தால் கீபோர்டு, வயர், ஓட்டை மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு மேலே, செட்டிங்கில் எங்கேயோ. எரியவே இல்லையென்றால் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். தட்டும்போது ஒருமுறை சட்டென்று தட்டிப் பாருங்கள். இன்னொரு முறை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தும் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது சோதனை, ஓட்டைக்கு. கீபோர்டைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் மவுஸைச் செருகுங்கள். அம்பு நகர்கிறதா? அப்படியானால் ஓட்டைக்கு உயிர் இருக்கிறது. மூன்றாவது, கீபோர்டுக்கு. பரிசோதிக்க இன்னொரு கம்ப்யூட்டருக்கு எங்கே போவது என்கிறீர்களா? போன் போதும். ஓடிஜி என்று ஒரு சின்னத் துண்டு, போன் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். அதன் ஒரு முனையைப் போனில் செருகி, மறுமுனையில் கீபோர்டைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் கீபோர்டை உடனே தெரிந்துகொள்ளும். மெஸேஜ் எழுதும் இடத்தில் தட்டினால் எழுத்து விழும். விழுந்தால் உங்கள் 450 ரூபாய் வீணாகவில்லை.

திருமுல்லைவாயல் சகோதரியிடம் இந்த மூன்றையும் செய்து பார்த்து எழுதச் சொன்னேன். பதில் வந்தது. மவுஸ் அதே ஓட்டையில் ஓடுகிறதாம். கீபோர்டு போனில் நன்றாக எழுதுகிறதாம். கேப்ஸ் லாக் விளக்கு சட்டென்று தட்டினால் எரியவில்லை, அழுத்திப் பிடித்தால் எரிகிறதாம்! கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில், "தம்பிக்கு ஒன்றரை வயசு, கீபோர்டு மேலேயே உட்கார்ந்துக்கறான்" என்று ஒரு வரி வேறு. அப்பாடா, ஆள் அகப்பட்டுவிட்டான்!

கை நடுக்கம் உள்ளவர்கள், தவறிப் போய் விரல் படுகிறவர்கள் ஆகியோருக்காகக் கம்ப்யூட்டரில் சில சௌகரியங்கள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 'ஸ்லோ கீஸ்'. இதைப் போட்டுவிட்டால், பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். சும்மா தட்டினால் விழாது. வயசானவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் லினக்ஸில் பல அமைப்புகளில் 'ஷிஃப்ட்' பட்டனை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினாலே இது தானாக விழித்துக்கொள்ளும். திரையில் ஒரு அறிவிப்பு வரும். ஒன்றரை வயசுத் தம்பி அதைப் படிப்பானா, இல்லை அடுப்பில் பால் வைத்துவிட்டு ஓடிய அம்மாதான் படிப்பாளா? பிறகு வேகமாக டைப் அடிக்கிறவர்களுக்குக் கீபோர்டு செத்துப் போன மாதிரியே தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள்; அவர்கள் விரல் ஒரு பட்டனில் நிற்காதே!

மருந்து சுலபம். அதே ஷிஃப்டை மறுபடி எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் போய்விடும். அதில் போகாவிட்டால், செட்டிங்ஸில் 'ஆக்ஸஸிபிலிட்டி' என்ற இடத்துக்கு மவுஸாலேயே போய், 'டைப்பிங்' என்பதன் கீழே 'ஸ்லோ கீஸ்', 'ஸ்டிக்கி கீஸ்', 'பவுன்ஸ் கீஸ்' மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்டிக்கி கீஸ் என்பது ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வருவது. அது வந்தால் ஷிஃப்ட் ஒட்டிக்கொண்ட மாதிரி எழுத்தெல்லாம் தாறுமாறாகும். அதே இடத்தில், கீபோர்டிலிருந்தே இவற்றைப் போட அனுமதிக்கிற ஒரு ஸ்விட்ச்சும் இருக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அதையும் அணைத்துவிடுவது உத்தமம். செலவு பைசா கிடையாது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மதர்போர்டு எங்கே, இது எங்கே! அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மவுஸை அதே ஓட்டையில் செருகிப் பார்க்க அவருக்கு அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

எல்லோருக்கும் இதே வியாதி இருக்குமா? இருக்காது. விளக்கு எப்படித் தட்டினாலும் எரியவில்லை என்றால் கீழேயிருந்து வாருங்கள். நடுவில் ஹப் என்று நாலு ஓட்டைப் பெட்டி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, வேறு ஓட்டையில் போடுங்கள். ஓட்டைக்குள் நாக்கு மாதிரி ஒரு துண்டு தெரியும். அது பெரும்பாலும் நீலமாக இருந்தால் புது வகை, கறுப்போ வெள்ளையோ என்றால் பழைய வகை. கீபோர்டுக்குப் பழைய வகையே தாராளம். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது சில பழைய மெஷின்களில் நீல ஓட்டையில் கீபோர்டு எடுபடாது, கறுப்பில் எடுபடும். ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊக்கு, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

அடுத்த ஸ்டேஷன், மெஷின் கண் விழிக்கிற நேரம். ஸ்விட்ச் போட்டவுடன் கம்பெனிப் பெயர் வரும்போது 'எஃப் 2' அல்லது 'டெலீட்' பட்டனைத் தட்டினால் நீலமோ கறுப்போ ஒரு பட்டியல் வரும். பயாஸ் என்பார்கள். மெஷினுக்கு மெஷின் பட்டன் மாறும். திரை ஓரத்திலேயே போட்டிருக்கும். அங்கே அம்பு பட்டன் வேலை செய்கிறதா பாருங்கள். பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். பிறகு எந்த அமைப்பைத் திறக்கட்டும் என்று கேட்கிற பட்டியல் வரும். விண்டோஸ், லினக்ஸ் என்று வரிசையாக இருக்கும். பயாஸில் வேலை செய்த கீபோர்டு இந்தப் பட்டியலில் அசையவில்லை என்றால், பயாஸில் 'லெகஸி யுஎஸ்பி சப்போர்ட்' என்ற வரி அணைந்திருக்கக்கூடும். அதை மட்டும் 'எனேபிள்ட்' ஆக்குங்கள். இந்தப் பட்டியல் வரை வேலை செய்து, லினக்ஸ் திறந்த பிறகு நின்றுபோனால், கீபோர்டு மேல் பழி போடாதீர்கள். சமீபத்தில் அப்டேட் போட்டீர்களா என்று யோசியுங்கள். அதே பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால், பழைய கெர்னல், அதாவது முந்தைய அடித்தளம், பத்திரமாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். புது மருமகள் வந்த பிறகும் பழைய மாமியார் சமையல் தெரிந்தவளாகவே இருப்பதுபோல, அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

இரண்டு அமைப்பும் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். விண்டோஸைத் திறந்து பாருங்கள். அங்கே எழுத்து விழுந்து, லினக்ஸில் மட்டும் விழவில்லை என்றால் மதர்போர்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"கீபோர்டே வேலை செய்யவில்லை, பாஸ்வேர்டை எதில் அடித்து உள்ளே போவது?" என்று பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகி முன்பே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பாஸ்வேர்டு கேட்கிற திரையின் மூலையில் கை கால் விரித்த மனித உருவம் ஒன்று சிறியதாக இருக்கும். மவுஸால் அதைத் தட்டினால் 'ஸ்கிரீன் கீபோர்டு' என்று வரும். போட்டுவிட்டால் திரையிலேயே கீபோர்டு படம் விரியும். ஒவ்வொரு எழுத்தாக மவுஸால் குத்தி உள்ளே போய்விடலாம். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி நிதானமான வேலை. ஆனால் நடக்கும்.

உள்ளே போனபின் கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் 'டெர்மினல்' என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் எல், எஸ், யு, எஸ், பி என்று இடைவெளி விடாமல் அடித்து 'என்டர்' தட்டுங்கள். செருகியிருக்கிற யுஎஸ்பி சாமான்களின் பட்டியல் வரும். கீபோர்டைச் செருகி ஒருமுறை, பிடுங்கி ஒருமுறை பாருங்கள். ஒரு வரி கூடிக் குறைந்தால் லினக்ஸ் அதைப் பார்க்கிறது என்று அர்த்தம். இன்னும் நுணுக்கமாகத் தெரிய வேண்டுமானால் ரிப்பேர்க்காரரை 'டிமெஸேஜ்' பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்துதான். செருகிய கையோடு அதில் மைனஸ் 71, மைனஸ் 110 என்று பிழை எண்கள் வரிசையாக விழுந்தால் பெரும்பாலும் வயரிலோ ஓட்டையிலோ தொடர்பு சரியில்லை என்று பொருள். இந்தப் பெயரை நீங்கள் சொன்னாலே அவர் உங்களிடம் மதர்போர்டு கதை சொல்ல யோசிப்பார்!

எழுத்து விழுகிறது, ஆனால் தப்பாக விழுகிறது என்கிற ரகம் தனி. சிறிய லேப்டாப் சிலவற்றில் தனியாக எண் பட்டன்கள் கிடையாது. எழுத்துப் பட்டன்களுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள். நீங்கள் வெளிக் கீபோர்டில் 'நம் லாக்' தட்டினால் அது லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டையும் பிடித்துக்கொள்ளும். பிறகு அதில் யு, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 விழும். ஜே, கே, எல் தட்டினால் 1, 2, 3 விழும். பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாம் வெறும் புள்ளிதானே! என்ன விழுகிறது என்றே தெரியாமல் "பாஸ்வேர்டு தப்பு, தப்பு" என்று திரும்பத் திரும்ப வரும். நம் லாக்கை அணைத்தால் சரி. வெளிக் கீபோர்டைக் கழற்றிய பிறகு இது நடந்தால் 'எஃப்என்' பட்டனோடு சேர்த்து நம் லாக் தட்ட வேண்டியிருக்கும்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு வருகிற தொல்லை இன்னொன்று. தமிழ்நாடு அரசு 1999-ல் தமிழ்க் கீபோர்டுக்கென்று ஒரு பொது அமைப்பை ஏற்றுக்கொண்டது. அதுதான் தமிழ் 99. உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து வலது கைப் பக்கம். பழகிவிட்டால் அருமையானது. ஆனால் தமிழில் ரேஷன் மனு அடித்துவிட்டு அப்படியே விட்டுப் போனால், அடுத்து வருகிற பிள்ளை ஆங்கிலப் பாஸ்வேர்டு அடிக்கும்போது 'எச்' தட்டினால் 'க' போகும். கதவு திறக்குமா? திரையின் மூலையில் 'தமிழ்' என்றோ 'இஎன்' என்றோ இருப்பதைப் பாருங்கள். பல லினக்ஸ்களில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஸ்பேஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஈமெயில் விலாசத்தில் வருகிற சுழி 'அட்' குறியைத் தட்டினால் இரட்டை மேற்கோள் விழுகிறதா? அமைப்பு பிரிட்டிஷ் இங்கிலீஷில் இருக்கிறது. அமெரிக்கன் அல்லது இந்தியன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே விற்கிற கீபோர்டுகளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் அமெரிக்கன் முறைதான்.

திருமுல்லைவாயல் சகோதரிக்கு இன்னொன்றும் எழுதினேன். காபி கொட்டிய உள் கீபோர்டில் ஏதாவது ஒரு பட்டன் அழுங்கி நின்றுவிட்டால், நல்ல கீபோர்டைச் செருகியும் திரையில் ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் போனில் பேசுகிற மாதிரி. இதற்கு லினக்ஸில் கட்டளை போட்டு உள் கீபோர்டை அடக்கலாம்; ஆனால் எல்லா லினக்ஸிலும் அது ஒரே மாதிரி இல்லை. பழைய லேப்டாப்பானால் உள்ளே போகிற நாடா வயரைக் கழற்றிவிடச் சொல்வதே நிரந்தர வழி. தெரிந்த ஆளுக்கு அரை மணி வேலை. கழற்றச் சொல்லும் முன், லேப்டாப் ஆன் பண்ணுகிற பட்டனும் அந்த நாடாவிலேயே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் அப்படி இருக்கும். கழற்றினால் மெஷினை எழுப்பவே முடியாது.

காபி, ஹார்லிக்ஸ் கொட்டினால் உடனே என்ன செய்வது? வெளிக் கீபோர்டானால் பிளக்கைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். லேப்டாப்பானால் பவர் வயரை எடுத்துவிட்டு, அணைத்துவிட்டு, பேட்டரி கழற்றுகிற வகையானால் கழற்றிவிட்டு, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் சூடு காட்ட வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி மாவுதான் உள்ளே போகும். ஒன்றிரண்டு நாள் காற்றில் காயட்டும். சர்க்கரை கலந்தது கொட்டினால் காய்ந்த பிறகும் பட்டன் ஒட்டும். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பிழிந்துவிட்டு ஓரமெல்லாம் துடைக்கலாம். மாதம் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். முறுக்குத் தூள், தலைமுடி, பிஸ்கட் என்று ஒரு மளிகைக் கடையே விழும்.

வயர் இல்லாத கீபோர்டு வாங்கியவர்கள் முதலில் செல்லை மாற்றுங்கள். சில சமயம் அதற்கான சின்னத் துண்டு நீல ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தாலும் எழுத்து விட்டுவிட்டு விழும். தள்ளி வேறு ஓட்டையில் போட்டால் சரியாகும். நான் தொடக்கத்தில் சொன்ன குழந்தை விஷயம் இதுதான்: வயரில்லாக் கீபோர்டு பெரும்பாலும் பென்சில் செல்லில் ஓடும். ஆனால் சில மெல்லிய ரகங்களிலும், ரிமோட்டுகளிலும், கம்ப்யூட்டருக்குள்ளேயும் காசு மாதிரி வட்ட செல் இருக்கும். ரிப்பேர் செய்யும்போது அதை மேஜை மேல் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். அழவில்லை, நன்றாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள், அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

லேப்டாப்பின் கீபோர்டு நடுவில் மேடாகி, பட்டன்கள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? மவுஸுக்குப் பதிலாக விரலால் தடவுகிற பலகை எழும்பியிருக்கிறதா? அது கீபோர்டு கோளாறே இல்லை. அடியிலிருக்கிற பேட்டரி ஊதிக்கொண்டிருக்கிறது. அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது. அணைத்து, குழந்தைகளுக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், எலெக்ட்ரானிக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

வெளிக் கீபோர்டால் ஒரு நன்மையும் உண்டு. லேப்டாப்பில் குனிந்து குனிந்து அடித்துக் கழுத்து வலி என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்கு எட்டாது, கைக்குச் சரியாக வைத்தால் தலை கவிழும். தனிக் கீபோர்டு வந்துவிட்டால் லேப்டாப்பைப் பழைய புத்தகக் கட்டின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும்; தோள் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. கீபோர்டின் அடியில் இரண்டு குட்டிக் கால் மடக்கி வைத்திருப்பார்களே, அதை நிமிர்த்தாமலே அடிப்பது மணிக்கட்டுக்கு நல்லது. காற்று போகிற துவாரத்தைப் புத்தகக் கட்டு மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் போனில்கூட எழுத்து விழவில்லை என்றால் கீபோர்டுதான் போயிருக்கிறது. பில் இருந்தால் வாரண்டி பாருங்கள். புதிது வாங்குவதானால் அம்பத்தூர் ஓடி கடைவீதியிலானாலும் மவுண்ட் ரோடு ரிச்சி தெருவிலானாலும், மினுக்குகிற கலர் விளக்கு வைத்தது, தனி சாஃப்ட்வேர் போட வேண்டியது எதுவும் வேண்டாம். வயர் வைத்த சாதாரணக் கீபோர்டு லினக்ஸில் செருகியவுடன் ஓடும். கடையிலேயே உங்கள் போனிலும் ஓடிஜியிலும் செருகி, ஒவ்வொரு பட்டனையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.